ஒரே துண்டு, பல கோப்புகள்: டீடூப்ளிகேஷன் செய்த பேக்கப்பிலிருந்து தரவு திரும்பி வரும் வழி

கும்பகோணத்திலோ மயிலாடுதுறையிலோ சார்பதிவாளர் அலுவலகத்தை ஒட்டிய தெருவில் பத்திரம் எழுதுபவர்களின் அறைகளைப் பார்த்திருப்பீர்கள். அங்கே எழுதப்படும் கிரையப் பத்திரங்களில் இரண்டை அருகருகே வைத்துப் படித்தால், பெரும்பகுதி வாசகம் இரண்டிலும் ஒன்றாகவே இருக்கும். எழுதிக் கொடுப்பவர், எழுதி வாங்குபவர், கிரையத் தொகை, சர்வே எண், ‘இன்னாருடைய நஞ்சைக்கு வடக்கு, வாய்க்காலுக்குத் தெற்கு’ என்று போகும் நான்கெல்லை ஆகியவைதாம் மாறும். சொத்தில் வில்லங்கம் ஏதும் இல்லை என்ற உறுதிமொழியும், பின்னாளில் ஏதேனும் வந்தால் எழுதிக் கொடுப்பவரே முன்னின்று தீர்த்துத் தருவார் என்ற வாசகமும் மாறுவதில்லை. ஆயிரம் பத்திரங்களின் நகல்களை வைத்திருக்கும் ஒருவர், மாறாத வாசகங்களை ஒரே ஒரு முறை எழுதி எண்ணிட்டு வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பத்திரத்துக்கும் ‘முதலில் 1-ஆம் வாசகம், பிறகு இந்தப் பெயர், அதன்பின் 7-ஆம் வாசகம்’ என்று ஒரு பட்டியலை மட்டும் குறித்து வைத்தால், அலமாரியில் பாதிக்கு மேல் காலியாகிவிடும். பேக்கப் சேமிப்பில் டீடூப்ளிகேஷன் என்று சொல்லப்படுவது ஏறக்குறைய இதுதான்.

பத்திரத்தை ஒருவர் திரும்பக் கேட்டு வரும்போது இந்த ஏற்பாட்டின் மறுபக்கம் தெரியவரும். முழுப் பத்திரம் அலமாரியில் எங்கும் இல்லை. பட்டியலைப் பார்த்து, வாசகங்களைத் தேடி எடுத்து, வரிசை பிறழாமல் சேர்த்து, புதிதாக எழுதித்தான் கொடுக்க வேண்டும். டீடூப்ளிகேஷனை அறிமுகப்படுத்துகிறவர்கள் இடம் எவ்வளவு மிச்சமாகும் என்பதையே பெரும்பாலும் பேசுகிறார்கள். இந்தக் கட்டுரை அந்த மறுபக்கத்தை, அதாவது மீட்பை, விளக்க முயல்கிறது. அதற்குக் காரணம் என் சொந்த அனுபவம். மன்னார்குடிப் பக்கத்தில் நான் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் ஓர் அரிசி ஆலை அலுவலகத்தில், சர்வரின் ஹார்ட் டிஸ்க் ஒரு நாள் மாலை செயலிழந்தது. 300 ஜிகாபைட் தரவு இருந்தது; முந்தைய இரவின் பேக்கப்பும் பழுதில்லாமல் இருந்தது. டிஸ்க்கின் வேகத்தை வைத்து மனக்கணக்குப் போட்டு, ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும் என்று ஆலைக்காரரிடம் சொன்னேன். மாலை 6 மணிக்குத் தொடங்கிய மீட்பு மறுநாள் காலை 7 மணிக்குத்தான் முடிந்தது. எந்தக் கருவியும் பழுதாகியிருக்கவில்லை. அந்த அமைப்பு அப்படித்தான் வேலை செய்யும் என்பதை நான் அதுவரை அறிந்திருக்கவில்லை.

சேமிக்கும்போது நடப்பது

மீட்பைப் புரிந்துகொள்ளச் சேமிப்பைச் சுருக்கமாகவேனும் பார்த்தாக வேண்டும். பேக்கப் மென்பொருள் தன்னிடம் வரும் தரவை முதலில் சிறு சிறு துண்டுகளாக வெட்டுகிறது. பெரிய நிறுவனங்களுக்கான பேக்கப் கருவிகளில் ஒரு துண்டு சராசரியாக 8 கிலோபைட் அளவில் இருப்பது வழக்கம். இலவசமாகக் கிடைக்கும் ரெஸ்டிக் போன்ற மென்பொருள்களில் அது ஏறத்தாழ 1 மெகாபைட், போர்க் என்ற மென்பொருளில் ஏறத்தாழ 2 மெகாபைட்.

எங்கே வெட்டுவது என்பது அற்பமான கேள்வி போலத் தோன்றினாலும், ஏற்பாடு முழுவதும் அதையே நம்பியிருக்கிறது. சரியாக 8 கிலோபைட்டுக்கு ஒரு வெட்டு என்று அளந்து வெட்டினால், பத்திரத்தின் தொடக்கத்தில் ‘திரு’ என்ற ஒரு சொல்லைச் சேர்த்த மாத்திரத்தில் அதன்பின் உள்ள எல்லா எழுத்துகளும் நகர்ந்து, எல்லா வெட்டுகளும் வேறு இடத்தில் விழும். நேற்றைய துண்டுகளில் ஒன்றுகூட இன்றைய துண்டுகளோடு பொருந்தாது. ஆகவே, தரவின் உள்ளடக்கமே வெட்டும் இடத்தை முடிவு செய்யும்படி வைத்தார்கள். தரவின் மீது ஒரு சிறிய சாளரத்தை நகர்த்திக்கொண்டே போய், சாளரத்துக்குள் தெரியும் பைட்டுகளைக் கொண்டு ஓர் எண்ணைக் கணக்கிட்டு, அந்த எண் குறிப்பிட்ட நிபந்தனைக்குப் பொருந்தும் இடத்தில் மட்டும் வெட்டுவார்கள். இப்படி வெட்டினால், ஒரு சொல் கூடியதன் பாதிப்பு ஓரிரு துண்டுகளோடு நின்றுவிடும். அடுத்த பத்தியின் வெட்டு பழைய இடத்திலேயே விழும். இதற்குப் பயன்படும் கணித முறைகளில் புகழ்பெற்றது 1981-இல் மைக்கேல் ராபின் வகுத்தது.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. பத்திர உதாரணம் புரிதலுக்காகச் சொன்னது. அதையே வேர்டு கோப்புகளாக வைத்திருந்தால் கணக்கு மாறிவிடும். டாக்எக்ஸ் கோப்பு உள்ளுக்குள் சுருக்கப்பட்ட ஒன்று என்பதால், ஒரு பெயரை மாற்றினால் அதற்குப் பின் வரும் பைட்டுகளெல்லாம் மாறிப்போகக்கூடும். ஸ்கேன் செய்த பக்கங்களும், திருமண வீடியோக்களும், ஜிப் கோப்புகளும் தமக்குள் பொதுவான துண்டுகளைக் கொண்டிருப்பதில்லை. அவற்றிலும் மிச்சம் உண்டு; ஆனால் அது வேறு காரணத்தால் வருவது. நேற்று இருந்த அதே கோப்பு இன்றும் மாறாமல் இருப்பதால், தினமும் எடுக்கும் முழு பேக்கப்பில் அது இரண்டாம் முறை இடம் பிடிப்பதில்லை.

வெட்டிய ஒவ்வொரு துண்டுக்கும் ஹாஷ் எனப்படும் கணக்கின் மூலம் ஒரு கைரேகை எடுக்கப்படுகிறது. பதிவு அலுவலகத்தில் வைக்கும் கைரேகை ஆளை அடையாளம் காட்டுவதுபோல, இந்த எண் துண்டை அடையாளம் காட்டும். ஷா-1 என்ற முறையில் இது 20 பைட், ஷா-256 முறையில் 32 பைட். பெல் ஆய்வகத்தில் உருவாகி 2002-இல் வெளியான வென்டி என்ற சேமிப்பு அமைப்பு, ஷா-1 கைரேகையையே துண்டின் முகவரியாகப் பயன்படுத்திக் காட்டியது. ஒரே ஷா-1 கைரேகை கொண்ட இரு வெவ்வேறு கோப்புகளை 2017-இல் வேண்டுமென்றே உருவாக்கிக் காட்டிவிட்டார்கள் என்பதால், புதிய மென்பொருள்கள் ஷா-256 போன்றவற்றை நாடுகின்றன. அதில் தற்செயலாக இரு துண்டுகள் ஒரே கைரேகையோடு அமைவதற்கான வாய்ப்பு மிகமிகச் சிறியது. டிஸ்க் கெட்டுப்போகுமே என்று கவலைப்படுவதற்குத்தான் அதிக நியாயம் இருக்கிறது.

எந்தக் கைரேகை கொண்ட துண்டு எங்கே இருக்கிறது என்று குறிக்கும் அட்டவணை ஒன்று உண்டு. கைரேகை ஏற்கெனவே அதில் இருந்தால் துண்டு மறுபடி எழுதப்படாது. இல்லையென்றால், புதிய துண்டுகள் வந்த வரிசையிலேயே ஒரு கொள்கலனில் அடுக்கப்பட்டு, கொள்கலன் நிறைந்ததும் டிஸ்க்கில் ஒரே மூச்சில் எழுதப்படும். கொள்கலன் என்பது பல துண்டுகளைச் சுருக்கி ஒன்றாகக் கட்டிய ஒரு கோப்பு; 4 மெகாபைட் அளவு பல அமைப்புகளில் வழக்கம், ரெஸ்டிக் இன்று இயல்பாக 16 மெகாபைட்டைக் குறிவைக்கிறது. துண்டு புதிதோ பழையதோ, அதன் கைரேகை அந்த நாளின் வரிசைப் பட்டியலில் எழுதப்பட்டுவிடும்.

திரும்ப எடுக்கும்போது நடப்பது

மீட்பு அந்தப் பட்டியலில் தொடங்குகிறது. ‘செவ்வாய்க்கிழமை இரவின் பேக்கப்பைக் கொடு’ என்று கேட்டால், மென்பொருள் செவ்வாய்க்கிழமையின் பட்டியலைத் திறந்து, முதல் கைரேகையைப் படிக்கிறது; அந்தத் துண்டு எந்தக் கொள்கலனில், எத்தனையாவது பைட்டில் இருக்கிறது என்று அட்டவணையில் பார்க்கிறது; அந்தக் கொள்கலனை டிஸ்க்கிலிருந்து மெமரிக்குக் கொண்டுவருகிறது; மறைகுறியாக்கமும் (கடவுச்சொல் இல்லாமல் படிக்க முடியாதபடி தரவை மாற்றி வைப்பது) சுருக்கமும் இருந்தால் அவிழ்க்கிறது; துண்டை எடுத்து, அதன் கைரேகையை மறுபடி கணக்கிட்டுப் பட்டியலில் உள்ளதோடு ஒப்பிடுகிறது; பொருந்தினால் புதிய கோப்பில் உரிய இடத்தில் எழுதுகிறது. பிறகு அடுத்த கைரேகை. 300 ஜிகாபைட் தரவை 8 கிலோபைட் துண்டுகளாக வெட்டினால் ஏறத்தாழ 3 கோடியே 75 லட்சம் துண்டுகள் வரும். அத்தனை முறை இந்தச் செயல் நடக்க வேண்டும். கைரேகைகள் மட்டுமே கொண்ட பட்டியலே 32 பைட் கணக்கில் 1.2 ஜிகாபைட் ஆகிவிடுவதால், சில மென்பொருள்கள் பட்டியலையும் துண்டுகளாக வெட்டி, கொள்கலன்கள் இருக்கும் அதே கிடங்கில் போட்டுவைக்கின்றன.

இந்த முறையில் ஒரு பெரிய நன்மை உண்டு. பழைய பாணியில் ஞாயிற்றுக்கிழமை முழு பேக்கப்பும் மற்ற நாள்களில் மாற்றங்கள் மட்டுமான பேக்கப்பும் எடுத்து வந்தபோது, வெள்ளிக்கிழமைத் தரவு வேண்டுமென்றால் ஞாயிறு முதல் வெள்ளி வரை ஒவ்வொன்றாக ஏற்றியாக வேண்டும்; நடுவில் புதன்கிழமைக் கோப்பு கெட்டிருந்தால் அதற்குப் பிந்தியவை நம்பத்தக்கவை அல்ல. டீடூப்ளிகேஷனில் ஒவ்வொரு நாளின் பட்டியலும் தன்னளவில் முழுமையானது. புதன்கிழமைப் பட்டியல் அழிந்தாலும் வெள்ளிக்கிழமைப் பட்டியலுக்கு ஒன்றும் ஆகாது. எந்த நாளைக் கேட்டாலும் ஒரே செயல்முறைதான்.

அட்டவணையைத் தேடுவதும் லேசான வேலை அன்று. 10 டெராபைட் தனித்த தரவை 8 கிலோபைட் துண்டுகளாக வைத்திருந்தால் 125 கோடி கைரேகைகள். அவை மட்டுமே 40 ஜிகாபைட். சாதாரண சர்வரின் மெமரியில் அது அடங்காது. டிஸ்க்கில் வைத்தால் ஒவ்வொரு தேடலுக்கும் டிஸ்க்கின் முள், அதாவது தரவைப் படிக்கும் முனை, நகர வேண்டும். பேக்கப் கருவிகள் தயாரித்த டேட்டா டொமைன் நிறுவனத்தார் 2008-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இதற்கு ஓர் அழகான வழியைக் காட்டியது. சேர்ந்து வந்த துண்டுகள் சேர்ந்தே திரும்ப வரும் என்பதால், ஒரு கைரேகையைத் தேடிப் போகும்போது அது இருக்கும் கொள்கலனில் உள்ள எல்லாக் கைரேகைகளையும் ஒரே தடவையில் மெமரிக்குக் கொண்டுவந்து விடலாம். அடுத்த பல நூறு தேடல்கள் டிஸ்க்கைத் தொடாமலே முடியும். எழுதும் வேகத்துக்காகச் சொல்லப்பட்ட இந்த வழி மீட்புக்கும் உதவுகிறது. ஆனால் அது ஒரு நிபந்தனையின் மேல் நிற்கிறது: சேர்ந்து வந்தவை சேர்ந்தே இருக்க வேண்டும்.

புதிய பேக்கப் ஏன் மெதுவாக வருகிறது

தஞ்சாவூர் சரசுவதி மகால் நூலகத்தின் ஓலைச்சுவடிகளை நினைத்துக்கொள்வோம். ஏடுகளில் துளையிட்டுக் கயிறு கோத்து, மரச்சட்டங்களுக்கு நடுவே வைத்துக் கட்டியிருப்பார்கள். ஒரு நூலின் ஏடுகள் எல்லாம் ஒரே கட்டில் இருந்தால், கட்டை ஒரு முறை அவிழ்த்து முதல் ஏட்டிலிருந்து கடைசி ஏடு வரை படித்துவிடலாம். அதே நூலின் முதல் ஏடு ஒரு கட்டிலும், இரண்டாம் ஏடு மூன்றாம் அலமாரியில் வேறொரு கட்டிலும், மூன்றாம் ஏடு மறுபடி முதல் கட்டிலும் இருந்தால், ஓர் ஏட்டுக்காக ஒரு கட்டை அவிழ்ப்பதும் கட்டுவதுமாகப் பொழுது போய்விடும். கொள்கலன் என்பது இந்தச் சுவடிக்கட்டு. அதில் ஒரு துண்டு மட்டும் தேவைப்பட்டாலும், பெரும்பாலான அமைப்புகளில் கட்டு முழுவதையும் கொண்டுவர வேண்டியிருக்கும்.

முதல் நாள் பேக்கப்பில் எல்லாத் துண்டுகளும் புதியவை. அவை வந்த வரிசையிலேயே கொள்கலன்களில் அடுக்கப்படுகின்றன. அதை மீட்கும்போது டிஸ்க் நேர்கோட்டில் படித்துக்கொண்டே போகும். இரண்டாம் நாளில் நூற்றில் இரண்டு பங்கு மாறியிருந்தால், அந்த இரண்டு பங்கு மட்டும் புதிய கொள்கலன்களில் போய்ச் சேரும். பட்டியலோ பழைய கொள்கலன்களையும் புதியவற்றையும் மாறி மாறிச் சுட்டும். இப்படி ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து, 400-ஆம் நாளின் பட்டியல் 400 நாள்களில் எழுதப்பட்ட கொள்கலன்களுக்கிடையே தாவிக்கொண்டிருக்கும். மிகப் பழைய பேக்கப் வேகமாகவும் மிகப் புதிய பேக்கப் மெதுவாகவும் வரும் இந்த நிலையைச் சிதறல் என்பார்கள். டிஸ்க் போனவருக்குத் தேவைப்படுவது ஏறக்குறைய எப்போதும் நேற்றைய பேக்கப்தான். சென்ற ஆண்டின் தை மாதத்தை யாரும் கேட்டு வருவதில்லை. வேகமாக வேண்டியது மெதுவாகவும், மெதுவாக வந்தால் போதும் என்பது வேகமாகவும் அமைந்துவிட்டதைத்தான் நான் இந்த முறையின் உண்மையான குறையாகக் கருதுகிறேன்.

அந்த 13 மணி நேரத்தின் கணக்கை இப்போது போட்டுப் பார்க்கலாம். நிமிடத்துக்கு 7,200 சுற்று சுற்றும் ஹார்ட் டிஸ்க்கில் ஒரு சுற்றுக்கு 8.33 மில்லிசெகண்டு, வேண்டிய இடம் முள்ளுக்குக் கீழே வரச் சராசரியாக அதில் பாதி, அதாவது 4.17 மில்லிசெகண்டு காத்திருக்க வேண்டும். முள் நகர்வதற்கு உத்தேசமாக 8 மில்லிசெகண்டு. ஆக, தாவிப் படிக்கும் ஒவ்வொரு தடவைக்கும் ஏறத்தாழ 12 மில்லிசெகண்டு. செகண்டுக்கு 80 தடவைதான் தாவ முடியும். 8 கிலோபைட் துண்டுகளைத் தனித்தனியே தாவி எடுத்தால் செகண்டுக்கு 640 கிலோபைட் கிடைக்கும். 300 ஜிகாபைட்டுக்கு ஐந்து நாளைத் தாண்டிவிடும். அதே டிஸ்க் நேராகப் படித்தால் செகண்டுக்கு 150 மெகாபைட் என்று வைத்துக்கொண்டாலும் 34 நிமிடத்துக்குள் முடித்துவிடும். நான் ஆலைக்காரரிடம் சொன்னது இந்த இரண்டாவது கணக்கு.

உண்மை இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. 4 மெகாபைட் கொள்கலன்களாகத் தாவிப் படித்தால், தாவ 12 மில்லிசெகண்டும் படிக்க 27 மில்லிசெகண்டும் ஆகும். செகண்டுக்கு ஏறத்தாழ 25 கொள்கலன்கள், அதாவது 100 மெகாபைட். இது மோசமான வேகம் அன்று. ஆனால் கொண்டுவந்த கொள்கலனில் பத்தில் ஒரு பங்குதான் நமக்குத் தேவையான துண்டுகள் என்றால் பயனுள்ள வேகம் செகண்டுக்கு 10 மெகாபைட்டாகக் குறைந்து, 300 ஜிகாபைட்டுக்கு 8 மணி 20 நிமிடம் பிடிக்கும். இருபதில் ஒரு பங்கு என்றால் 16 மணி 40 நிமிடம். எங்களுக்கு ஆன 13 மணி நேரம் செகண்டுக்கு 6.4 மெகாபைட் என்று வருகிறது. இந்த உத்தேசக் கணக்கை அப்படியே ஏற்றால், அவிழ்த்த ஒவ்வொரு கட்டிலும் பதினாறில் ஓர் ஏடுதான் எங்களுக்கு உதவியிருக்கிறது.

இதற்குச் செய்யக்கூடியவை இரு வகை. ஒரு வகை, மீட்கும்போது செய்வது. அவிழ்த்த கொள்கலனை உடனே கட்டி வைக்காமல், மெமரியில் கொஞ்ச நேரம் வைத்திருந்தால், அதிலுள்ள இன்னொரு துண்டு தேவைப்படும்போது டிஸ்க்குக்குப் போக வேண்டியதில்லை. மெமரி நிறைந்தவுடன் எதை வெளியேற்றுவது என்ற கேள்வி வரும். நெடுநேரமாகப் பயன்படாததை வெளியேற்றுவது பொதுவான வழக்கம். நாளை என்ன தேவைப்படும் என்று தெரியாத இடங்களில் அதைவிட நல்ல யோசனை எளிதில் கிடைக்காது. இனிமேல் எது மிகத் தாமதமாகத் தேவைப்படுமோ அதை வெளியேற்றுவதே மிகச் சிறந்தது என்ற கருத்தைக் கணினி அறிவியலாளர் லாஸ்லோ பெலாடி 1966-இலேயே முன்வைத்திருந்தாலும், எதிர்காலம் தெரிந்தால் மட்டுமே அது செல்லும் என்பதால் அதை ஓர் அளவுகோலாகவே வைத்திருந்தார்கள். மீட்பில் எதிர்காலம் தெரியும். வரிசைப் பட்டியல் கையில் இருக்கிறது. அடுத்து எந்தத் துண்டு, அதற்கடுத்து எது என்று கடைசி வரை அதில் எழுதியிருக்கிறது. கணினித் துறையில் இப்படி வருங்காலம் முழுவதும் முன்கூட்டியே எழுதிக் கிடைக்கும் இடங்கள் அரிது. பட்டியலைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு வியப்புத் தருவது இதுவே.

இதையே இன்னும் நேரடியாகப் பயன்படுத்தும் முறை ஒன்றை மார்க் லில்லிபிரிட்ஜும் அவருடன் பணியாற்றியவர்களும் 2013-இல் விவரித்தார்கள். மீட்க வேண்டிய கோப்பின் அடுத்த சில நூறு மெகாபைட்டுக்கு மெமரியில் காலி இடம் ஒதுக்கிவிட்டு, பட்டியலின் அந்தப் பகுதியை முழுவதும் படித்து, எந்தத் துண்டு எந்தக் கட்டத்தில் உட்கார வேண்டும் என்று குறித்துக்கொள்வது. பிறகு ஒரு கொள்கலனைக் கொண்டுவந்து, அதிலிருந்து இந்தப் பகுதிக்கு வேண்டிய எல்லாத் துண்டுகளையும் தத்தம் கட்டங்களில் வைத்துவிட்டு, அதை மறந்துவிடுவது. கட்டை ஒரு முறை அவிழ்த்து, வேண்டிய ஏடுகளையெல்லாம் உருவிக்கொண்டு, மறுபடி அந்த அலமாரிப் பக்கம் போகாமலிருப்பதற்கு இது சமம்.

மற்ற வகை, எழுதும்போதே செய்வது. சிதறலுக்குக் காரணம் பழைய துண்டுகளைச் சுட்டுவது என்றால், சில இடங்களில் சுட்டுவதை விட்டுவிட்டு, துண்டை மறுபடி எழுதிவிடலாம். அதே 2013 ஆய்வில் இதற்கும் ஒரு வழி உண்டு. வரும் தரவைச் சில மெகாபைட் கொண்ட பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியும் இத்தனை பழைய கொள்கலன்களுக்குமேல் சுட்டக்கூடாது என்று உச்சவரம்பு வைக்கிறார்கள். ஒரு பகுதிக்கு ஐம்பது பழைய கொள்கலன்கள் தேவைப்பட்டு, வரம்பு இருபது என்றால், அதிகத் துண்டுகளைத் தரும் இருபதை மட்டும் வைத்துக்கொண்டு, மற்ற முப்பதிலிருந்து வரவேண்டிய ஓரிரு துண்டுகளைப் புதிதாக எழுதிவிடுவார்கள். இடம் சற்றுக் கூடும். மீட்பு பல மடங்கு விரையும். வேறு சிலர் திசையையே திருப்பினார்கள்: புதிய பேக்கப்பை முழுமையாகவும் வரிசையாகவும் எழுதிவிட்டு, பழைய பேக்கப்புகளிலிருந்து பொதுத் துண்டுகளை நீக்கி, அவற்றைப் புதியதைச் சுட்டும்படி செய்வது. சிதறல் அழிவதில்லை, யாரும் கேட்டு வராத பழைய நாள்களின் தலையில் போய் விழுகிறது. அது நியாயமான ஏற்பாடு என்றே எனக்குத் தோன்றுகிறது.

எஸ்.எஸ்.டி.யில் முள் கிடையாது என்பதால் தாவும் செலவு மிகச் சிறியது. ஆனாலும் வேண்டாத துண்டுகளையும் சேர்த்துப் படிப்பதும் சுருக்கத்தை அவிழ்ப்பதும் அப்படியே இருக்கும். துண்டின் அளவைக் கூட்டினாலும் சிதறல் குறையும். ரெஸ்டிக்கும் போர்க்கும் பெரிய துண்டுகளை வைத்திருப்பதன் பயன்களில் அதுவும் ஒன்று. அதற்கு ஈடாகச் சிறு மாற்றத்துக்கும் பெரிய துண்டு மறுபடி எழுதப்படும்.

ஒரு துண்டு கெட்டால்

மாறாத வாசகத்தை ஒரே முறை எழுதி வைத்திருப்பவரின் தாளைக் கரையான் அரித்தால், அந்த வாசகம் வரும் எல்லாப் பத்திரங்களும் குறைபடும். நூறு நாள் பேக்கப் வைத்திருப்பதால் நூறு நகல் இருக்கிறது என்று நினைப்பது இங்கே செல்லாது. நூறு பட்டியல்களும் சுட்டுவது ஒரே துண்டைத்தான். மீட்கும்போது கைரேகையை ஒப்பிடுவதால் துண்டு கெட்டிருப்பது தெரிந்துவிடும். தெரிவதால் துண்டு திரும்பி வராது. இன்னொரு நகலோ, டிஸ்க்குகளுக்கிடையே சமநிலைத் தரவோ (இழந்த பகுதியை மற்ற டிஸ்க்குகளிலிருந்து கணக்கிட்டு மீட்க உதவும் கூடுதல் தரவு) இருந்தால்தான் அதைச் சரிசெய்ய முடியும். ஆகவே கிடங்கை அவ்வப்போது முழுவதும் படித்துப் பார்ப்பது அவசியம். ரெஸ்டிக்கின் ‘செக்’ கட்டளை இயல்பாகச் சரிபார்ப்பது அட்டவணையும் பட்டியல்களும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றனவா என்பதை. ‘ரீட்-டேட்டா’ என்ற விருப்பத்தையும் சேர்த்துக் கொடுத்தால்தான் கொள்கலன்களுக்குள் இருக்கும் தரவையே படிக்கும். அதன் கிடங்கு எப்போதும் மறைகுறியாக்கம் செய்யப்பட்டது என்பதால், கடவுச்சொல் தொலைந்தால் துண்டுகள் அனைத்தும் நலமாக இருந்தும் ஒன்றையும் திறக்க முடியாது. கடவுச்சொல்லை அதே சர்வரில் ஒரு கோப்பில் மட்டும் எழுதி வைத்திருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பழைய பேக்கப்பை நீக்குவதைப் பற்றியும் ஒரு சொல். ஒரு நாளை நீக்கினால் அதன் பட்டியல்தான் உடனே போகும். அதன் துண்டுகளை மற்ற நாள்களும் சுட்டிக்கொண்டிருக்கலாம் என்பதால், யாருமே சுட்டாத துண்டுகள் எவை என்று எல்லாப் பட்டியல்களையும் படித்துக் கண்டுபிடித்து, இன்னும் தேவைப்படும் மற்றத் துண்டுகளைப் புதிய கொள்கலன்களுக்கு மாற்றிய பிறகே இடம் கிடைக்கும். டிஸ்க் நிறைந்தபின் அவசரமாக நீக்குகிறவர்கள் ஏமாறுவது இதனால்தான்.

இரண்டாவது நகல் எங்கே இருக்க வேண்டும் என்பது நம் பகுதிக்கு வெறும் ஏட்டுக் கேள்வி அன்று. 2004 டிசம்பர் 26 அன்று நாகப்பட்டினம் கரையில் கடல் ஏறியதையும், 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தபின் டெல்டாவின் பல ஊர்கள் பல நாள் மின்சாரமின்றிக் கிடந்ததையும் பார்த்தவர்கள் நாம். ஒரே கட்டடத்தில் மட்டுமன்றி, திருத்துறைப்பூண்டியில் ஒன்றும் மன்னார்குடியில் ஒன்றும் வைப்பதுகூட ஒரே புயலுக்கு உட்பட்ட ஏற்பாடுதான். நகலை டெல்டாவுக்கு வெளியே அனுப்புவதற்கு டீடூப்ளிகேஷன் பெரிதும் உதவும். அங்கே இல்லாத துண்டுகள் மட்டும் போனால் போதும் என்பதால், தினசரி மாற்றம் சாதாரண இணைய இணைப்பிலேயே இரவுக்குள் போய்ச் சேர்ந்துவிடும்.

திரும்ப வரும்போது அந்தச் சலுகை இருக்காது. புதிய டிஸ்க் காலியாக இருப்பதால் எல்லாத் துண்டுகளும் வர வேண்டும். செகண்டுக்கு 100 மெகாபிட் இணைப்பு முழு வேகத்தில் ஓடினாலும் 300 ஜிகாபைட்டுக்கு 6 மணி 40 நிமிடம். தொலைவில் உள்ள கிடங்கிலிருந்து கொள்கலன்களை ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கும்போது, ஒவ்வொரு கேள்விக்கும் பதில் வருவதற்கான காத்திருப்பும் சேரும். பல கேள்விகளை ஒரே நேரத்தில் அனுப்பும் மென்பொருள் இதில் தப்பித்துக்கொள்ளும். ஆனால் ஒரு கோப்பு மட்டும் போதும் என்றால் நிலைமை வேறு. அந்தக் கோப்பின் பட்டியலில் உள்ள துண்டுகளுக்கான கொள்கலன்கள் மட்டுமே தேவைப்படும். ஒரு பத்திரமோ ஒரு மாதக் கணக்கோ சில செகண்டுகளில் வந்துவிடும். எனவே, சர்வர் முழுவதும் போன நாளில், எல்லாவற்றையும் ஒரே வரிசையில் மீட்கத் தொடங்காமல், மறுநாள் காலையில் கடை திறக்கத் தேவையான கோப்புகளை முதலில் கேட்பது நல்லது. அன்று எனக்கு இது தெரிந்திருந்தால், கொள்முதல் கணக்கை மட்டும் இரவு எட்டு மணிக்குள் கொடுத்துவிட்டு, மற்றவற்றை விடியும் வரை ஓடவிட்டிருப்பேன்.

மீட்பு நேரத்தை முன்கூட்டியே அறிய, மீட்டுப் பார்ப்பதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை. டிஸ்க்கின் வேகத்திலிருந்தோ, இத்தனைக்கு ஒன்று என்று காட்டப்படும் மிச்ச விகிதத்திலிருந்தோ அதை ஊகிக்க முடியாது. விகிதம் உயர உயரச் சிதறலும் கூடியிருக்கவே வாய்ப்பு அதிகம். சோதிக்கும்போது மிகப் புதிய பேக்கப்பை முழுவதுமாக, வேறொரு டிஸ்க்கில் மீட்க வேண்டும். சும்மா ஒரு கோப்பை எடுத்துப் பார்த்தால் அது எப்போதும் வேகமாகவே வரும். ஆறு மாதம் கழித்து மறுபடி செய்தால், மீட்பு நேரம் எந்தப் பக்கம் நகர்கிறது என்பதும் தெரியும்.

அந்த ஆலையில் இப்போது இதை ஆவணி மாதத்தில், குறுவை நெல் வரத்துத் தொடங்கும் முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமையும், சம்பா அறுவடைக்கு முன்பு மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் செய்கிறோம். மீட்பு தொடங்கிய நேரம், முடிந்த நேரம், கைரேகை பொருந்தாத துண்டுகளின் எண்ணிக்கை ஆகிய மூன்றையும் கணக்குப்பிள்ளை பேரேட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைக்கிறார். கொள்கலன் வரம்பு வைத்து எழுதும் வேறொரு மென்பொருளுக்கு மாறியபின், சென்ற மார்கழியில் அந்தப் பக்கத்தில் எழுதிய நேரம் 1 மணி 50 நிமிடம்.